ஏழு கம்பங்களும் பச்சை

வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த பேனா நன்றாகவே எழுதுகிறது, மேடம். உட்காரத்தான் எனக்கு வரவில்லை. ஒரு பத்தி எழுதினால் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். வாசலில் நிற்கும் காவலர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஒன்றும் வேண்டாம், இது என் சுபாவம் என்றேன். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் என் காலாட்டம் பொறுக்காமல் வாத்தியார் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தைப் பற்றி நிபுணர்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. நான் ஆற்றுக் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடம் தகவல் தொடர்புப் பொறியாளராக இருந்தேன். மலையிடுக்கில் தொடங்கி ஊர்ப் பாலம் வரை ஆற்றங்கரையில் ஏழு கம்பங்கள் இருக்கின்றன. இருந்தன என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புப் பெட்டி, ஒரு சோலார் தகடு, பேட்டரி, ரேடியோ, தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார். பாலத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டித் தாழ்வான இடத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு. என் அக்கா வீடும் அங்கேதான், மூன்றாவது தெருவில். மேலே தண்ணீர் ஏறினால் அந்த வீடுகளுக்குச் சங்கு ஊத வேண்டும். எங்கள் அறை இருந்ததே அதற்காகத்தான்.

கம்பங்கள் தானாக வாய் திறக்காது. அறையிலிருக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒன்று, எவ்வளவு? இரண்டு மீட்டர் பத்து. இரண்டு, எவ்வளவு? ஒன்று தொண்ணூறு. இப்படி ஏழையும் கேட்டு முடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஸ்காடா, போலிங் என்றெல்லாம் அறிக்கையில் பத்துப் பக்கம் எழுதியிருப்பது இதைத்தான். வகுப்பில் ஆஜர் எடுப்பது மாதிரி. பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் மூன்று விநாடி பொறுத்து மறுபடி கூப்பிடும். மூன்று தடவை கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால் சிவப்பு. அடுத்தடுத்த இரண்டு கம்பங்கள் நாலு மீட்டரைத் தாண்டினால் குடியிருப்பில் சங்கு தானாகவே ஊதும். ஒரே ஒரு கம்பம் மட்டும் சொன்னால் ஊதாது, ஏனென்றால் ஒரு சென்சாரில் குப்பை மாட்டினால்கூடத் தப்பான அளவு வரும். இந்த ஏற்பாடு முழுவதையும் அமைத்தது நான்.

எத்தனை விநாடி பொறுப்பது என்று எழுதி வைத்தவனும் நான்தான், அந்த விநாடிகளைத் தாங்க முடியாதவனும் நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இருந்தால் எனக்கு இருப்பே கொள்ளாது. வீட்டிலும் அப்படியே. மனைவியைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் சமையலறைக்கே போய் நின்றுவிடுவேன். காதில் விழுந்தது, கை வேலையாக இருந்தேன் என்பாள். விழுந்தது என்றால் ஒரு 'ம்' சொல்வதில் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு கம்பம் சிவப்பாகிவிட்டால் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஷிப்டில் இருப்பவர்கள் எனக்குப் பச்சை சார் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் செத்தது நாலாம் கம்பம், பேட்டரி போய்விட்டது. பழுது பார்க்கும் ஆட்களின் ஜீப்பும் அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று எங்கள் அலுவலகப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். போர்டில் ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது, எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரை இதில் இழுக்க நான் விரும்பவில்லை. எப்படியாவது என்பது எல்லோரும் சொல்கிற வார்த்தை.

என்னிடம் ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. கம்பங்களை நடுவதற்கு முன்னால், அறையின் கம்ப்யூட்டர் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க நானே எழுதியது. எந்த நம்பரை அதனிடம் கொடுக்கிறோமோ அந்தக் கம்பமாகவே அது பதில் சொல்லும். என் தொழிலில் இருக்கிற எவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். சோதனை முடிந்ததும் அழித்துவிட வேண்டும், நான் அழிக்கவில்லை. நாலாம் நம்பரை அதற்குக் கொடுத்தேன். நாலு, எவ்வளவு? ஒன்று எண்பத்து நாலு. திரை முழுக்கப் பச்சை. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன், மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். ஆய்வு முடிந்தது, ஜீப்பும் வந்தது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்கிறவர்களுக்கு வாராவாரம் ஒரு பட்டியல் போகும், அதில் சிவப்பான கம்பங்கள் மட்டும்தான் இருக்கும். பச்சைக்கு யாரும் போக மாட்டார்கள். அவர்கள் நாலாம் கம்பத்துக்குப் போக வேண்டுமென்றால் நான் அதை மறுபடி சிவப்பாக்க வேண்டும். சிவப்பாக்கினால் அவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், பேட்டரி செத்து எத்தனை நாளாயிற்று என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. பிறகு இரண்டாம் கம்பத்தின் சோலார் தகட்டை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தில் இடி விழுந்தது. மூன்றும் ஆறும் ஏன் செத்தன என்று எனக்குத் தெரியாது, யாரும் போய்ப் பார்க்கவில்லையே. மூன்று வருடத்தில் இரண்டு முதல் ஆறு வரை ஐந்துக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் உயிரோடு இருந்தவை உச்சியில் ஒன்றாம் கம்பமும் பாலத்தடியில் ஏழாம் கம்பமும்தான்.

இதில் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் நாலாம் நம்பர் எப்போது கேட்டாலும் அதே ஒன்று எண்பத்து நாலையே சொல்லிக்கொண்டிருந்தது. ஷிப்டில் இருந்த பெண் ஒருநாள், நாலாம் நம்பர் மூன்று நாளாக அசையவே இல்லையே சார் என்றாள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அன்றே அளவு ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்கும்படி மாற்றி எழுதினேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்தேன். மூன்றாம் நம்பர் சுறுசுறுப்பு, கேட்டவுடன் சொல்லும். ஆறாம் நம்பர் கொஞ்சம் சோம்பேறி. ஐந்தாம் நம்பர், வாரத்துக்கு ஒரு தடவை, பதில் சொல்லாமல் விட்டு இரண்டாம் தடவை சொல்லும். ஒரு நாள்கூடத் தவறாத பிள்ளை என்றால் யார் நம்புவார்கள்? அந்த மூன்று வருடமும் மழை பொய்த்தது. ஆறு சும்மா கிடந்தது, என் கம்பங்களும் அதற்கேற்றாற்போல் சும்மா இருந்தன. உண்மையைச் சொன்னால் அவை மீது எனக்குப் பாசம் வந்துவிட்டது.

இப்போது எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும்.

ஊரில் மழை இல்லை, சுள்ளென்று வெயில். மலையில் முந்தின நாளிலிருந்து கொட்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. காலை பத்தேகாலுக்கு ஒன்றாம் கம்பம் ஏறத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஐந்து மீட்டர் தொண்ணூறு. அதே பெண்தான் ஷிப்டில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"சார், ஒண்ணு ஏறிக்கிட்டே போகுது. அங்கேருந்து ரெண்டுக்குத் தண்ணி வர நாப்பது நிமிஷம். ரெண்டு இந்நேரம் ஏறியிருக்கணும், அசையவே இல்ல."

"ஒண்ணுல குப்பை மாட்டியிருக்கும்மா. ஆறு கம்பம் ஒரே மாதிரி சொல்லுது, ஒண்ணு மட்டும் வேற மாதிரி சொல்லுது. நீங்க எதை நம்புவீங்க?"

"எதுக்கும் சங்கைக் கையால அமுக்கிடட்டுமா சார்?"

வெயிலைப் பாருங்கள், ஜனங்கள் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். அவள் மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் சொன்னதில் கணக்கு ஒன்றும் தப்பில்லை. ஆறு பேர் ஒன்று சொல்ல ஒருவன் வேறு சொன்னால், ஆறு பேரை நம்புவதுதான் முறை. அந்த ஆறில் ஐந்து நான் என்பது அவளுக்குத் தெரியாது.

அறிக்கை எழுதிய நிபுணர்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. சங்கைக் கையால் ஊதியிருந்தால் வெள்ளம் போன பிறகு நடுவில் இருக்கும் ஐந்தும் ஏன் அமைதியாக இருந்தன என்று கேட்டிருப்பார்கள், நீ மாட்டியிருப்பாய், அதனால் ஊதவில்லை, அது புரிகிறது. ஆனால் உன் புரோகிராமில் இரண்டாம் நம்பருக்கு ஐந்து மீட்டர் என்று தட்டியிருந்தால் போதுமே, சங்கு தானாக ஊதியிருக்குமே, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காதே, உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்களே, அதை ஏன் செய்யவில்லை என்றார்.

அது எனக்குத் தோன்றாமல் இல்லை. வராந்தாவில் நடந்தபோது அதைத்தான் யோசித்தேன். ஆனால், மேடம், மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூட இல்லாத ஒன்றை உண்டாக்கியதில்லை. ஆறு சும்மா இருந்தது, சும்மா இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான். பொய்யாக ஒரு வெள்ளத்தை எழுத என் மனம் ஒப்பவில்லை. ஒருவேளை மலையிடுக்கில் உண்மையிலேயே குப்பைதான் மாட்டியிருந்தால், இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஜனங்களைப் பொய் சொல்லித் தெருவில் நிறுத்தியவன் ஆகியிருப்பேன். தொழிலில் ஒரு நேர்மை வேண்டும் என்று நினைக்கிறவன் நான். நிபுணர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது ஒன்றாம் நம்பர் மட்டும், நாலு மீட்டரைத் தாண்டிவிட்டதால், மஞ்சளில் மின்னிக்கொண்டிருந்தது. ஆறு புள்ளி முப்பது. ஒவ்வொரு சுற்றிலும் கேட்பதும், அது அதையே இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி அடிப்பதுமாக இருந்தது. அந்தப் பெண் வேறு நகத்தைக் கடித்துக்கொண்டு பெரியவருக்கு போன் போடலாமா என்று என்னைப் பார்த்தாள். எனக்குத் தலைக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. என் மேசைக்குப் போய், பதினொன்று இருபதுக்கு, ஒன்றாம் நம்பரையும் என் புரோகிராமுக்குக் கொடுத்தேன். ஒன்று, எவ்வளவு? இரண்டு மீட்டர் பத்து. மணி நின்றது. ஏழும் பச்சை.

"பாருங்க, குப்பை போயிடுச்சு," என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சரி சார் என்றாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது நியாயம் இல்லை. அவள் பார்த்ததை நம்பினாள், காட்டியது நான். பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, உண்மையான ஏழாம் கம்பம் திடீரென்று ஏறியபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சங்கை அமுக்கியவளும் அவள்தான். கீழே இருந்தவர்களுக்கு அதனால் ஆறு நிமிடம் கிடைத்தது. ஒன்றாம் கம்பம் அவர்களுக்கு நாலரை மணி நேரம் கொடுத்திருந்தது.

பத்திரிகையில் நாற்பத்து மூன்று பேர் என்று போட்டிருந்தார்கள், அது தவறு. இரண்டு பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். நாற்பத்தொரு பேர்தான். அதில் பதினாலு பேர் சிறுவர்கள், அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடம் இரண்டரைக்கே விட்டுவிட்டது. மூன்றாவது தெருவில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. நான் போய்ப் பார்த்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பாலத்துக்கு அப்பால் ஒரு மரத்தில் நாலாம் கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்து தொங்குவதைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் சேறு. நிபுணர் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் அறைக்கு வந்தார். திரையில் நாலாம் நம்பர் பச்சையாக இருந்தது. ஒன்று எண்பத்து மூன்று, ஒன்று எண்பத்து நாலு. அப்படித்தான் பிடிபட்டேன். அவ்வளவு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் அது விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. எதையும் விடாமல் எழுது என்று சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். இப்போதுதான் நீங்கள் உள்ளே வந்து ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். என் கைபேசியின் அழைப்புப் பட்டியல். அன்று பதினொன்று பன்னிரண்டுக்கு அக்காவுக்குப் பேசியிருக்கிறேன், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். அது குடும்ப விஷயம் என்றுதான் விட்டிருந்தேன். கேட்பதால் சொல்கிறேன்.

வராந்தாவில் நின்றுதான் பேசினேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, உடனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வா என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்றாள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, அத்தானை வேலையிலிருந்து வரச் சொல், மாமியாரை ஆட்டோவில் ஏற்று, வீட்டில் யாரையும் விட்டுவிட்டு வராதே என்றேன். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள், என் குரல் அவளுக்குத் தெரியும்.

"உன் குரலே சரியில்லையேடா. ஆறு ஏதும் ஏறுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. வெயில் அடிக்குது பாரு."

வந்தாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தாளாம், தம்பிக்கு எப்போதும் பதற்றம் என்று என் மனைவியிடம் சொன்னாளாம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நீ போய் அப்பாவைப் பாரு, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். இறந்தவர்கள் பட்டியலில் அவர் பத்தொன்பதாவதாக இருக்கிறார். அவருடைய மகள்கள் அடுத்த இரண்டு எண்கள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "சொல்லியிருந்தா நான் தெருவையே கிளப்பிக்கிட்டு வந்திருப்பேன்டா." அது எனக்குத் தெரியும், மேடம். அவள் அப்படித்தான் செய்திருப்பாள், வீடு வீடாகக் கதவைத் தட்டியிருப்பாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்பார்கள், என் தம்பி என்பாள். அதனால்தான் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் கைபேசியை வாங்கிவைக்கிற வரை தினமும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேரத்தை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள், ஆகவே நானே எழுதிவிடுகிறேன். அக்காவுக்குப் பேசியது பதினொன்று பன்னிரண்டு. ஒன்றாம் கம்பத்தின் வாயை அடைத்தது பதினொன்று இருபது. அடைத்தபோது அதில் குப்பை எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எத்தனை மணிக்கு மூன்றாவது தெருவுக்கு வரும் என்பதும் தெரியும், அந்தக் கணக்கைப் போட்டவன் நான். தெரிந்தே செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. நீங்கள் வைத்திருக்கும் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். இறந்தவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, சேதத்துக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அன்று அந்தக் குடியிருப்பிலிருந்து சரியான நேரத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே கொண்டுவரப்பட்ட குடும்பம் ஒன்றே ஒன்றுதான். ஐந்து உயிர்கள். அவர்களைக் காப்பாற்றியவர் யார் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஒன்று போட்டு, அதில் என் பெயரைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.